கீழே விழுந்த முக்கோணம்

நான்கு முக்கோணங்களும் ஒரே வரியில் நிற்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று கணக்கு வாத்தியார் சபதம் செய்தார். சபதத்துக்குக் காரணம் முக்கோணம் அல்ல, மாமியாரின் இரும்பு பீரோ. அது இன்று மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வேறு வீட்டுக்குப் போகிறது. தூக்க ஆள் வேண்டும்.

வாத்தியார் தம் கணக்குப் புத்தகத்தை லேடெக் என்ற கணினி மென்பொருளில் தாமே பக்கம் கட்டுகிறவர். (யாராவது லேடெக்ஸ் என்றால் திருத்துவார்.) ஒவ்வொரு முக்கோணமும் ஒரு தனிக் கோப்பு. நான்கையும் வெளியிலிருந்து அழைத்து, பக்கத்தின் அகலத்தைச் சமமாகப் பங்கு போட்டு நிறுத்தினால், நாலாவது மட்டும் தொப்பென்று அடுத்த வரியில் விழும். கோப்பில் வரி முடிகிற இடத்தையும் லேடெக் ஓர் இடைவெளியாக எண்ணிக்கொள்வதுதான் வினை. வரிக்கடைசியில் ஒரு சதவீதக்குறி போட்டால் தீர்ந்தது.

காலையிலேயே போட்டார், தீர்ந்தது. நாலும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அப்போதுதான் சமையலறையிலிருந்து, "ஏங்க, அம்மா வீட்டுக்குக் கிளம்பணும், ஞாபகம் இருக்கா?" என்று குரல் வந்தது. வாத்தியார் மூன்றாவது கோப்பின் கடைசியில் இருந்த சதவீதக்குறியை நைசாக அழித்தார். நாலாவது முக்கோணம் விழுந்தது. கூடவே தம் முகத்தையும் தொங்கவிட்டுக்கொண்டார்.

"இன்னுமா கிளம்பல?" மனைவி வந்து நின்றாள்.

"எப்படிக் கிளம்புறது? நாலாவது விழுந்து கிடக்கு பாரு."

"விழுந்தா அதுக்கு அடியா படப்போகுது? பீரோவை யார் தூக்குறது?"

"உன் தம்பி இருக்கானே, மலை மாதிரி."

"பீரோவுக்கு ரெண்டு பக்கம் இருக்குங்க."

"இது கண்ணுக்குத் தெரியாத இடைவெளிம்மா. எந்தச் சந்துல நுழைஞ்சு உட்கார்ந்திருக்குன்னே தெரியல. பெரிய பெரிய ஆளுங்களே திணறுறாங்க. எப்படியும் சாயங்காலம் ஆயிடும்."

"ஐயோ பாவம். முதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க. மேசைல வெச்சிருக்கேன்."

வாத்தியாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சுலபமாக அவர் எதையும் ஜெயித்ததில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் சபதத்தில் சலுகை கொடுத்துவிட்டு எழுந்தார். இரண்டாம் முறையும் கேட்டுப் போட்டுக்கொண்டார்.

கை துடைத்தபடி திரும்பி வந்தால், திரையில் நாலு முக்கோணமும் அணிவகுத்து நின்றன.

"இது... எப்படி நின்னுச்சு?"

"நான்தான் நிக்க வெச்சேன்."

"உனக்கு லேடெக்ஸ் தெரியுமா?" பதற்றத்தில் வாத்தியாரே ஒரு 'ஸ்' போட்டுவிட்டார்.

"எனக்கென்ன தெரியும்? ஆபீஸ்ல எதையாவது தப்பா அழிச்சுட்டா கன்ட்ரோல் இசட் அமுக்குவோம். இங்கேயும் ஒரே தடவைதான் அமுக்கினேன். நீங்க கடைசியா அழிச்சது ஓடிவந்து உட்கார்ந்துச்சு, முக்கோணமும் எழுந்துடுச்சு."

வாத்தியார் மெல்ல மறுபடி நாற்காலியில் உட்காரப் போனார்.

"செருப்பை மாட்டுங்க. மாடிப்படியில பீரோவோட கீழ்ப்பக்கம் உங்களுக்குத்தான்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன்."