நடுக்கம் இல்லாமல் ஓர் இன்டர்வியூ

இந்த வேலை எனக்குக் கிடைக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் குன்னூர் பஸ்ஸில் ஏறினேன். தோற்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் இதுவரை தோற்றதெல்லாம் ஜெயிக்கப் பார்த்துத் தோற்றது. வேண்டுமென்றே தோற்கப் போவது இதுதான் முதல் தடவை.

என் பெயர் கீர்த்திவாசன். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். மஞ்சூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடுகிறேன். சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த சீசனுக்குக் கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாவிட்டால் ஃபேக்டரி கேட் பக்கமாகப் போய் நின்று இருமிக் காட்ட வேண்டும்.

நிரந்தர வேலைக்கு முயற்சி செய்யாமல் இல்லை. இன்டர்வியூ என்றால் எனக்கு நடுக்கம் வந்துவிடும். ஊட்டியில், மார்கழி மாதத்தில், ஃபேன் போடச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இன்னோர் இடத்தில் அப்பா பெயரைக் கேட்டார்கள், என் பெயரைச் சொன்னேன். என் பெயரைக் கேட்டார்கள், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பெண் பார்க்கப் போனதிலும் இதே கூத்துதான். கேத்தியில் முதலில் பார்த்த பெண் வீட்டில் கை நடுங்கி, காபியை அவள் அப்பாவின் வெள்ளை வேட்டியில் கொட்டினேன். பதறிப்போய் என் புதுச் சட்டையைக் கழற்றித் துடைக்கப் போனேன். சட்டையோடு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் அதே தெருவில் இன்னொரு பெண். வீட்டு வாசலை நெருங்கும்போது தரகர் காதோடு சொன்னார். "பொண்ணுக்கு மாமன் பையனயே பேசி முடிச்சுட்டாங்களாம். வர்றதா சொல்லிப்போட்டோம், சும்மா தலையக் காட்டீட்டு வந்துருவோம். பஜ்ஜி நல்லாருக்குமாம்."

கிடைக்காத பெண்ணுக்கு எதற்கு நடுங்க வேண்டும்? நிம்மதியாக உட்கார்ந்தேன். இன்னொரு தட்டு பஜ்ஜி கேட்டு வாங்கினேன். பெண்ணின் அப்பாவோடு கேரட் விலையைப் பற்றி வாதம் செய்தேன். பையனுக்கு என்ன ஒரு நிதானம் என்று மொத்த வீடும் சொக்கிப்போனது. மாமன் பையன் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. தேதி குறித்துவிட்டார்கள். அந்தப் பெண்தான் சுகுணா. நான் பாஸான ஒரே இன்டர்வியூ அது.

இப்போது இந்த வேலைக்கு வருவோம். குன்னூரில் பெரிய தேயிலைக் கம்பெனி. விவசாயிகளிடம் இலை வாங்கும் இடத்துக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு. எனக்காக மனு போட்டது சுகுணா. இன்டர்வியூவுக்கு வரச் சொல்லித் தகவல் வந்ததும் என் கையிலிருந்த டீ டம்ளர் தாளம் போட ஆரம்பித்தது.

"ஏனுங்க, இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்குது. இப்பவே ஆடறீங்க?"

"குளுருது."

"சட்டைக்கு மேல ஸ்வெட்டரு. ஸ்வெட்டருக்கு மேல சால்வை. குளுரு எந்த வழியாங்க உள்ள வந்துச்சு?"

"இந்த வேலை கெடைச்சா எப்பிடி இருக்கும் சுகுணா. வருசா வருசம் கேட்டுல போய் இரும வேண்டாம். நெனச்சாலே கை ஆடுது."

"அப்ப நெனைக்காதீங்க."

"ஆசை இருந்தா நெனப்பு வராம எப்பிடி இருக்கும்?"

அவள் என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதில் சொல்லாமல் அடுக்களைக்குள் போனாள். அவள் பதில் சொல்லாமல் போனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

அந்த வாரம் நல்ல மழை. மரம் விழுந்து லைன் அறுந்து, இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் சுகுணா போனில் பேசுவது கேட்டது.

"ஆமாங்கண்ணா. குவார்ட்டர்ஸுக்கு நேர் எதிர்த்தாப்ல ஒரு ஊடு வாடகைக்கு இருக்குதாம். நீங்க அங்கயே வந்துருங்க. காலைல அஞ்சு மணிக்கு நீங்களே வந்து இவர எழுப்பிக் கூட்டீட்டுப் போயிருங்க. சரிங்கண்ணா, பச்சத்தண்ணிதான். சுடுதண்ணி நான் வெச்சுத் தரவே மாட்டேன்."

அண்ணன் என்றால் தினகரன். அருவங்காட்டில் இருக்கிறார். என் மைத்துனர். போன பொங்கலுக்கு வந்து தங்கியபோது, விடியுமுன் என்னை எழுப்பி, மலை ஏற வைத்து, இறக்கி, தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றி, "ரத்தம் எப்பிடி ஓடுது பாருங்க மாப்ள" என்றார். ரத்தம் ஓடியதோ இல்லையோ, நான் ஓடினேன். பொங்கல் மூன்று நாளோடு முடிந்தது. எதிர்வீடு என்றால் ஆயுசுக்கும்.

டம்ளரை எடுத்தேன். கை ஆடவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. வேலையின் மேல் இருந்த ஆசை அந்தப் பச்சைத் தண்ணீரோடு போய்விட்டது.

இன்டர்வியூவுக்குப் போகமாட்டேன் என்று சொல்லலாம். அதை சுகுணாவிடம் சொல்வதற்கு ஆள் வேண்டும். போய்த் தோற்றுவிட்டு வருவதே பத்திரம் என்று பட்டது.

அப்படித்தான் குன்னூர் போய்ச் சேர்ந்தேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் வியர்த்து, முணுமுணுத்து, பாத்ரூமுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நான் வறுத்த கடலையைத் தின்றுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டேன். தட்டி எழுப்பித்தான் உள்ளே அனுப்பினார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஜெஸிந்தா என்ற மேனேஜர் மேடம். பக்கத்தில் மீசை வைத்த ஓர் அதிகாரி.

"உங்களப் பத்திச் சொல்லுங்க," என்றார் மேடம்.

"எல்லாம் மனுவுலயே இருக்குதுங்க மேடம். படிக்கலீங்களா?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார். தோல்வி நல்லபடியாக ஆரம்பித்துவிட்டது.

"உங்ககிட்ட இருக்கற குறை என்ன?"

"காலைல சீக்கிரம் எந்திரிக்க மாட்டேனுங்க."

"இந்த வேலைக்கு உங்களவிட நல்ல ஆளு வெளிய இருக்காங்களா?"

"எல்லாருமே நல்ல ஆளுங்கதானுங்க. பாவம், பயந்து கெடக்கறாங்க. அவங்கள்ல யாருக்காவது குடுத்துருங்க."

திடீரென்று மீசைக்காரர் மேஜையில் ஓங்கி அடித்து எழுந்து நின்றார். "என்னய்யா, வெளையாட்டா இருக்கா? யாரு முன்னாடி உக்காந்து பேசறேன்னு தெரியுதா?"

வேறு நாளாக இருந்தால் நாற்காலியோடு மயங்கி விழுந்திருப்பேன். அன்று அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் முன்னால் இருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"குடிங்க சார். கொஞ்சம் உக்காருங்க. அவசரமில்லாமப் பேசிக்கலாம்."

கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள் என்று எழுந்து தயாராக நின்றேன். இருவரும் சிரித்தார்கள்.

"இதுதாங்க எங்களுக்கு வேணும்," என்றார் மேடம். "எடை கொறையுது, வெலை கொறையுதுன்னு வெவசாயிங்க நாள் பூராவும் அங்க வந்து கத்துவாங்க. இருந்த மூணு சூப்பர்வைசரும் திருப்பிக் கத்தி, சண்டையாகி, வெளிய போயிட்டாங்க. சார் கத்துனது உங்களுக்கு வெச்ச டெஸ்டு. திங்கக்கெழம வந்து சேந்துக்கங்க."

"நல்லா யோசிச்சுக்கங்க மேடம்."

"பாருங்க சார், இப்பக்கூடப் பதட்டமில்ல," என்று மேடம் மீசைக்காரரிடம் சொன்னார்.

மஞ்சூர் திரும்பும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் தொட்டித் தண்ணீர்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போனால் சுகுணா பாதி சாமானைக் கட்டி வைத்திருந்தாள்.

"கெடைச்சுருச்சுங்களா?" என்றாள், கயிற்றை இறுக்கியபடியே.

"கெடைச்சுருச்சு. உங்கண்ணனுக்குச் சொல்லிரு. தொட்டிய ரொப்பி வெக்கட்டும்."

"எங்கண்ணன் எதுக்குங்க வர்றாரு? அருவங்காட்டுல சொந்த ஊட்டுல இருக்கறாரு."

"எதிர்த்த ஊட்டுக்கு வரச் சொன்னியே. போன்ல."

"அன்னிக்கு ரெண்டு நாளா கரண்டு இல்லீங்களே. சார்ஜ் இல்லாமப் போனு செத்துக் கெடந்துச்சு. அதக் காதுல வெச்சுட்டு நான்தான் பேசிட்டு இருந்தேன்."

நான் சாமான் மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

"நீங்க ஆசப்பட்டா ஆடறீங்க. ஆசய எடுத்துட்டா ராஜா மாதிரி உக்காந்துக்கறீங்க. அதான் எடுத்துட்டேன். இனித் திருப்பி வெச்சுக்கங்க."

கோபம்தான் வர வேண்டும். நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், எதிரே மைத்துனர் இல்லை என்பதை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் சந்தோஷம்தான் வந்தது. ஆனாலும் ஒரு புருஷன் அதை உடனே காட்டிவிட முடியாது.

"இந்த ஒரு தடவ என்னை ஏமாத்திப்போட்டே," என்றேன் விறைப்பாக. "ஆனா உன்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு இதவிட நிதானமா உக்காந்திருந்தேன். அன்னிக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க? அது நானா ஜெயிச்சது."

சுகுணா கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"பக்கத்து ஊட்டுப் பெரியவரு வேட்டில காபியக் கொட்டீட்டு, சட்டையக் கழட்டித் தொடைக்கப் போனீங்க பாருங்க. ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். அப்பவே எனக்குப் புடிச்சுப்போச்சு."

"அதுக்கும் இதுக்கும் என்ன புள்ள?"

"எனக்கு ஏதுங்க மாமன் பையன்? தரகர்கிட்ட அப்பிடிச் சொல்லி உங்களக் கூட்டியாரச் சொன்னதே நாந்தானுங்க."