மக்வோரிக் குலச் சங்கத்தின் ஐயாயிரமாவது உறுப்பினர்

சிதறிக் கிடந்த மனித குலத்தை ஒன்று சேர்த்த மாபெரும் சக்திகள் மூன்று: மதம், தபால் இலாகா, மக்வோரிக் குலச் சங்கம். முதல் இரண்டும் சமீப காலமாகக் கொஞ்சம் தளர்ந்துபோயிருக்கின்றன. மூன்றாவது மட்டும் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்கிறது. அதன் கௌரவச் செயலாளர் ஃபார்குவர் மக்வோரிக் என்பவன் நான்தான். தன்னடக்கம் கருதி மறைக்கலாம் என்றால், எப்படியும் பின்னால் தெரிந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் ஓபன் நகரத்து ஓட்டல் ஒன்றின் பின்னறையில், ஆறிப்போன சூப்புக்கு முன்னால் ஏழு பேர் உட்கார்ந்து தொடங்கிய சங்கம் இது. போன பிப்ரவரியில் இருபத்துமூன்று நாடுகளில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர். அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து ஒரு பல் டாக்டர் தன் தாடி சிவப்பு என்ற ஒரே ஆதாரத்தோடு வந்தார். கட்டித் தழுவிக்கொண்டோம். இன்று அவர் நாய்க்குக்கூட நம் குலத்துக் கட்டம்போட்ட சட்டை இருக்கிறது.

ஆனால் கண்டவரையும் சேர்த்துக்கொள்வோம் என்று நினைத்துவிடாதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் ஒன்பதாம் கேள்வி என்று ஒன்று உண்டு. 'உங்கள் குடும்பம் கிளென் வோரிக் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய ஆண்டு, காரணம், வெளியேற்றியவர் பெயர்.' இதைப் பூர்த்தி செய்யாத படிவம் செல்லாது. எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள்: 1842, ஆடு, எபனேசர் க்ரேல்.

அந்த வருஷம், அன்றைய குலத் தலைவர் ஆடு வளர்க்க இடம் வேண்டுமென்று நாற்பத்தொரு குடும்பங்களைக் கிளப்பிவிட்டார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் அவருடைய காரியஸ்தன் க்ரேல். தலைவரை நாங்கள் மன்னித்துவிட்டோம். அவர் வாரிசுதானே இன்றைய தலைவர்! க்ரேலை மட்டும் மன்னிக்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பள்ளத்தாக்கில் கூடி, முன்னோர் நினைவாகக் குவித்த கற்குவியலுக்கு முன்னால், சங்கம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கும் அந்தக் கடிதத்தை நான் படிப்பேன். அவன் பெயர் வந்ததும் மொத்தக் கூட்டமும் "தூ!" என்று கத்தும். இதில் உரத்த குரல் என்னுடையது. பத்தொன்பது வருஷமாக யாரும் என்னை மிஞ்சியதில்லை.

பிப்ரவரியில் செயற்குழு கணினித் திரைவழியே கூடியது. ஐயாயிரமாவது உறுப்பினரை வரவேற்க மாபெரும் 'தாய்மண் திரும்பும் விழா'. அறுபது பேருந்துகளும் அதைவிட அதிகமாகக் கார்களும் வரும். எங்கே நிறுத்துவது?

தலைவர் டார்க்வில் இங்கிலாந்தின் சர்ரேயிலிருந்து, கோல்ஃப் தொப்பியோடு பேசினார். "ஆத்தோரமா ஒரு சமதளம் இருக்கே, ஃபார்குவர். அது நடுவுல என்னமோ வீடு மாதிரி தெரியுது?"

"வீடுதான் சார். மர்டினா இருக்கா. எனக்கு அக்கா முறை. சங்கத்துக்குத்தான் வாடகை கொடுக்கிறா."

"நம்ம உறுப்பினரா?"

"இல்ல சார். ஒரு தடவை விண்ணப்பம் போட்டா. ஒன்பதாம் கேள்விக்கு 'நாங்க எங்கேயும் போகல'ன்னு எழுதியிருந்தா. பூர்த்தியாகலைன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்."

"அப்போ சொந்தக்காரங்கன்னு சொல்ல முடியாது," என்றார் தலைவர் வருத்தத்தோடு.

கனடாவிலிருந்து பிரெண்டா அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஜனங்க நம்ம மண்ணுக்குத் திரும்பி வர்றாங்க. குறுக்கே ஒரு கோழிக்கூண்டு நிக்கலாமா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பள்ளத்தாக்கில் இன்னும் வாழ்கிற ஒரே மக்வோரிக்கைக் காலி செய்யச் சொல்லி எண்பத்துநாலு நாள் நோட்டீஸ். எழுதும் பொறுப்பு, நல்ல நடை கைவந்தவன் என்ற காரணத்தால், என்னிடம் வந்தது.

நோட்டீஸை நானே நேரில் கொண்டுபோனேன். அக்கா முறை ஆகிறவளுக்குத் தபாலில் அனுப்பினால் மரியாதையாக இருக்காது, பாருங்கள். மர்டினா அக்கா கோழிகளை விரட்டிவிட்டு, டீ போட்டுக் கொடுத்து, ஓட்ஸ் ரொட்டியில் கை நிறைய வெண்ணெய் தடவி என் முன்னால் வைத்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"டேய், இது அந்தக் கண்ணாடிப் பெட்டிக் கடுதாசியில்ல?"

"எது?"

"க்ரேல் எழுதினது. 'நிலத்தின் மேம்பாட்டையும் பொதுநலனையும் முன்னிட்டு, மிகுந்த மனவருத்தத்துடன்'... அப்படியே இருக்கேடா! ஆடுன்னு இருந்த இடத்துல காருன்னு மாத்தியிருக்கே. அவ்வளவுதான்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்து எழுதவில்லை. வருஷா வருஷம் அழுது அழுது படித்த கடிதம், தானாகவே வந்துவிட்டது.

"கடைசி வரியும் அதேதான்," என்றாள். "'கடல் கடந்த நாடுகளில் தங்களுக்கு நல்ல வாய்ப்புகள் காத்திருக்கின்றன.'"

"கர்ஸ்டி நியூசிலாந்துல இருக்காளேன்னுதான் அக்கா எழுதினேன். பெத்த பொண்ணுகூட இருக்கலாமே."

"லீவுக்குப் போய்ப் பாக்கறது வேற. எங்கப்பா பொறந்து செத்த வீடுடா இது. எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. இந்த ஆத்துச் சத்தம் இல்லாம நான் ஒரு நாள் தூங்கினதில்ல." குரல் உடைந்தது. "அந்தக் கூட்டத்துல ஒரே ஒரு வார்த்தை பேசக் கூடாதா? வேணாம்னு ஒரு வார்த்தை?"

"நான் குறிப்பு எழுதிட்டிருந்தேன் அக்கா. குறிப்பு எழுதறவர் பேசக் கூடாதுன்னு விதி இருக்கு."

"யாரு போட்ட விதி?"

நான்தான் போட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் இன்னொரு ரொட்டி சாப்பிட்டேன். மறுத்தால் அவள் மனம் புண்படும் அல்லவா!

மே மாதம் அவள் கோழிகளைப் பக்கத்து ஊர்த் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு நியூசிலாந்தின் டனீடினுக்கு விமானம் ஏறினாள். ஜூனில் வீட்டை இடித்தார்கள். ஜூலையில் சரளைக்கல் கொட்டினார்கள். அறுபது பேருந்துகளும் அத்தனை கார்களும் தாராளமாக நின்றன என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

விழாவன்று பிரெண்டா அம்மையார் பள்ளத்தாக்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்கே பொறந்து வளர்ந்த நம்ம ஆளு ஒருத்தரோடவாவது பேசணும். யாருமே இல்லையா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"வெளியேத்திட்டாங்க."

"அடப்பாவிங்களா!" என்று விம்மினார். குலத்துக் கட்டம்போட்ட கைக்குட்டையை நீட்டினேன்.

ஒரே ஒரு கவலைதான் பாக்கி. மாசக்கணக்காக எண்ணிக்கை 4,999-லேயே முட்டிக்கொண்டு நின்றது. ஆண்டவன் கைவிடவில்லை; அன்று காலைத் தபாலில் ஒரு விண்ணப்பம் வந்து சேர்ந்தது. தபால்தலை நியூசிலாந்து. அங்கே நமக்கு முந்நூறு பேர் இருக்கிறார்கள், நான் ஒன்றும் யோசிக்கவில்லை. "பிரிக்காதே! மேடையில பிரிப்போம்," என்று தலைவர் குதித்தார்.

பைப் வாத்தியம் முழங்கி ஓய்ந்தது. மூவாயிரத்துச் சொச்சம் பேர் கற்குவியலைச் சுற்றி நின்றார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் உறையைக் கிழித்தேன்.

"பெயர்," என்று கம்பீரமாகத் தொடங்கினேன். "மர்டினா மக்வோரிக்."

கைதட்டல் வானைப் பிளந்தது. நிறுத்திவிடலாமா என்று தலைவரைப் பார்த்தேன். "படி, படி! ஒன்பதாம் கேள்வி!" என்றார் அவர் பரவசத்தோடு.

இந்த முறை ஒரு இடம்கூடக் காலியாக விட்டிருக்கவில்லை. படிவம் செல்லும். விதிப்படி மறுக்க வழியே இல்லை.

"வெளியேறிய ஆண்டு: இந்த ஆண்டு. காரணம்: கார்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வெளியேற்றியவர் பெயர்: ஃபார்குவர் மக்வோரிக், கௌரவச் செயலாளர்."

"தூ!" என்றது கூட்டம்.

பழக்க தோஷம் என்று ஒன்று இருக்கிறதே. அதிலும் உரத்த குரல் என்னுடையதுதான்.