‘பார்’ என்றார், பார்த்தேன்

காலை பதினொன்றே காலுக்கு என் மகள் யாழினி, "அப்பா, மைன் ட்ரெயின்ல போலாம்பா" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்துதான் எல்லாம் கோணலாயிற்று. அதுவரை அந்தக் கேளிக்கைப் பூங்காவில் பஜ்ஜி எண்ணெயையும் குடிதண்ணீரையும் மட்டுமே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று அவளுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். போன பிறந்தநாளுக்கும் இதையேதான் கேட்டாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று தப்பித்துவிட்டேன். இந்த முறை என் மனைவியின் தம்பி குமார், சிதம்பரத்திலிருந்து காரோடு கடலூருக்கே வந்துவிட்டான். (மனைவி கால்வலி என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.)

மைன் என்றால் சுரங்கம். அதைப் பற்றிக் கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் நெய்வேலிச் சுரங்கம் திறந்தவெளியாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். இங்கே என்னடாவென்றால் மலை, மலைக்குள் குகை, குகைக்குள் ரயில்! தண்டவாளம் துருவேறிக் கிடந்தது. ஒரு உத்தரம் பாதியில் முறிந்து தொங்கியது. ‘ஆபத்து! கைவிடப்பட்ட சுரங்கம்’ என்று பலகை வேறு.

"குமாரு, அவுங்களே எழுதி வச்சிருக்காங்க பாருடா."

"அதெல்லாம் பெயிண்டு மாமா. பழசு மாதிரி இருக்கணும்னே செஞ்சது."

"பழசு மாதிரி செஞ்சது நெசமாவே பழசாயிட்டா, எப்படிடா கண்டுபிடிப்பாங்க?"

குமார் என் முதுகில் கைவைத்து வரிசைக்குள் தள்ளினான்.

ஆனாலும் ஏறினேன். மகளை நான் இல்லாமல் அனுப்பும் துணிச்சல் எனக்குக் கிடையாது. முதல் வரிசையில் அவளும் நானும், பின்னால் குமார். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. முறிந்த உத்தரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

ரயிலை இயக்கும் வடநாட்டு இளைஞர் என்னருகே வந்து, "பார்!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தலை நரைத்தவனிடம் ஒருமையா? "பாருங்கன்னு சொல்லுப்பா" என்றேன்.

"ஹான், பாருங்க. பார்! பார்!" என்று என் மடியைச் சுட்டிக்காட்டினார்.

பதறிப்போய்க் குனிந்து பேன்ட் ஜிப்பைப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் இருந்தது. அப்படியானால்? சட்டென்று விளங்கியது. இருக்கைக்கு அடியில் ஏதோ கழன்றிருக்கிறது! தமிழ் தெரியாத நல்ல மனுஷன், தெரிந்த ஒரே சொல்லை வைத்து என்னை எச்சரிக்கிறார்!

"மாமா, ஒக்காருங்க மாமா" என்று குமார் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேளாமல் எழுந்து நின்றேன்.

"வண்டில கோளாறு! எல்லாரும் எறங்குங்க!"

சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் மொத்தமாக எழப் பார்த்தது. முடியவில்லை. "ஐயையோ, எந்திரிக்க வரலியே!" என்று ஒரு அம்மாள் போட்ட அலறல் கடைசிப் பெட்டிவரை தொற்றிக்கொண்டது. இளைஞர் ஏதோ பொத்தானை அழுத்த, மணி அடித்தது.

யாழினி மட்டும் அசையவில்லை. "இன்னைக்கும் போவ முடியாதா?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

மேற்பார்வை செய்யும் பெண் ஓடி வந்தார். என் தலைக்கு நேரே நின்ற கம்பியைத் தட்டினார்.

"சார், இதுக்குப் பேருதான் பார். மடி வரைக்கும் இழுத்து வுடுங்கன்னு சொல்றாரு. எல்லாரும் இழுத்துக்கிட்டாங்க, அதான் எந்திரிக்க முடியல. ஒங்களுது ஒண்ணுதான் பாக்கி."

ரயிலே சிரித்தது. அவர் யாழினியிடம் குனிந்தார். "பாப்பா, இவரு ஒங்க அப்பாவா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியலக்கா. க்யூல பக்கத்துல நின்னாரு."

என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். இளைஞர் கம்பிகளைத் தளர்த்தியதும் குமார் ஒரு நொடிகூடத் தயங்காமல் என் இடத்துக்குத் தாவினான். யாழினி செருப்பைக் கழற்றி என் பக்கமாகத் தள்ளிவிட்டாள். ரயில் குகைக்குள் நுழைந்தது. உள்ளிருந்து கூச்சல் வந்தது. பயமா சந்தோஷமா என்று புரியவில்லை. அந்தச் சுற்று முடியும்வரை நான் மூச்சுவிட்டேனா என்பதே சந்தேகம்.

வீட்டில் இப்போது யாரும் என்னைப் பழைய மாதிரி கூப்பிடுவதில்லை. மனைவிகூடப் புதுப்பெயர் சொல்லித்தான் காப்பி நீட்டுகிறாள். அதை வைத்தவள் அன்று ரயில் வந்து நின்றதும், தலையெல்லாம் கலைந்து, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி, நேராக என்னிடம் வந்தாள். கையை நீட்டினாள்.

"தேங்க்ஸ் அங்கிள். செருப்பக் குடுங்க."