வேலியில் நிற்கும் நீதிபதி

அல்ம்டோர்ஃப், டிரோல்
மார்ச் 20

மதிப்பிற்குரிய மைத்துனர் எங்கல்பெர்ட் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் வெண்டலின் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை நொட்புர்காவும் ஒன்பது கோழிகளும், சென்ற வருடம் உடைந்து இப்போது கூடிவிட்ட என் காறையெலும்பும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். லின்ஸில் நீங்களும் உங்கள் இரத்த அழுத்தமும் அதேபோல அடக்கமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதல் காரியமாக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். எந்தப் பனிக்கு எந்தச் சறுக்குப் பலகை என்று கேட்டு நான் எழுதியது ஒரு தபாலட்டை. நீங்கள் எழுதிய பதில் பதினொரு பக்கம், ஓர் அட்டவணை, இரண்டு வரைபடம். வாழ்க்கையில் ஒருமுறைகூட பலகைமேல் ஏறாத ஒருவர், தொழில்நுட்பப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும், தங்கை புருஷனுக்காக இத்தனை சிரமப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை வாசித்து முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதன்படி நடந்து முடித்தபோது வேறு சில இடங்களும் அடைத்துக்கொண்டன, அதை வரிசையாகச் சொல்கிறேன்.

நொட்புர்கா உங்களுக்கு ஃபோனில் சொன்னது அவள் தரப்பு. என் தரப்பு இது. போன பிப்ரவரியில் நான் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டதும், ஆறு வாரம் அவள் எனக்குச் சூப்பை ஸ்பூனால் ஊட்டியதும் உண்மை. இந்த ஜனவரியில் கூரைப்பனி மொத்தமாகச் சரிந்து கோழி வேலியை நொறுக்கியது. நம் ஊரில் வேலி உடைந்தால் என்ன செய்வோம், காலுக்கு ஒன்றாக மாட்டுகிற பழைய ஸ்கீக்களை நட்டுவைப்போம். உங்கள் அப்பாவின் ஸ்கீ, அவளுடைய கல்யாணத்துக்கு முந்தைய சிவப்பு ஸ்கீ எல்லாம் நின்றுவிட்டன. இரண்டு பலகை அகலத்துக்கு மட்டும் ஓர் இடைவெளி மிச்சம். நரி வேறு தினமும் வந்து அந்த இடைவெளியை அளந்துவிட்டுப் போகிறது. ஒருநாள் நொட்புர்கா நிலவறைக்கு வந்து என் மூன்று பலகைகளுக்கு முன்னால் நின்றாள்.

"கேளு வெண்டல்," என்றாள். "பலகை உன்னைத் தள்ளல. தெனமும் காலையில இந்த மூணுக்கும் முன்னாடி நின்னு, யோசிச்சு யோசிச்சு, கடைசியில தப்பானதைத்தான் தூக்கிட்டுப் போற. ஒண்ணே ஒண்ணு இருந்தா, அதுக்கு ஏத்த பனி இல்லாத அன்னிக்கு வீட்ல கெடப்ப. ஜோசப் திருநாளுக்குள்ள ஒண்ணைப் பொறுக்கி வை. வீட்டுக்கு ஒண்ணு, மத்த ரெண்டும் வேலிக்கு."

"பெத்த புள்ளைங்கள்ல ஒண்ணைப் பொறுக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு, புர்கி."

"புள்ளைங்க யாரும் உன் எலும்பை ஒடைக்கல."

அன்றே உங்களுக்கு எழுதினேன்.

நான் ஓட்டுவது, உங்களுக்குத் தெரியும், இரண்டு காலையும் பூட்டி நிற்கிற ஒற்றைப் பலகை, ஆனால் இளவட்டங்கள் ஓட்டுகிற மெத்தென்ற காலணிப் பலகை இல்லை. கெட்டி பிளாஸ்டிக் காலணி, அதைப் பலகையோடு பிடிக்கும் இறுக்கமான பூட்டு, ஒல்லியான பலகை. அதை விளிம்பில் சாய்த்துப் பனியில் கத்தி மாதிரி கோடு கிழித்துப் போவது. என்னிடம் இருப்பவை மூன்று. நெட்டையானது நீதிபதி. விறைப்பு, நீளம், குறுகிய இடுப்பு. காலையில் இறுகிய, அகலமான, ஆளில்லாத சரிவில் அதற்கு நிகர் இல்லை, ஆனால் தப்புச் செய்தால் மன்னிப்பே கிடையாது. குட்டையானது தேனீ. பனிக்கட்டியில் பல்லைப் பதித்துச் சட்சட்டென்று திரும்பும். மூன்றாவது பசு. அகலமாக, கொஞ்சம் வளைந்துகொடுக்கும். வெயிலில் இளகிய கூழ்ப்பனியிலும் முங்காமல் மிதந்து போகும். மூன்றில் எதைக் கொடுப்பது? ஒவ்வொரு பலகையையும் மூன்று வகைப் பனியில் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடு, பனியின் வெப்பநிலையைத் தவறாமல் குறித்துக்கொள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன்.

வெப்பநிலைக்குச் சமையலறையில் இருந்த இறைச்சி வெப்பமானியை எடுத்துப் போனேன். பனியில் குத்தினால் மைனஸ் காட்டவில்லை, "கோழி" என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே போய் முள் நின்றுவிட்டது. அது என் சட்டைப்பையிலேயே இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பன்றி வறுவல் யூகத்தின்பேரில் வெந்தது. கத்தி இறங்கவில்லை. "எங்க அண்ணன் பனியைச் சுட்டுச் சாப்பிடட்டும், நீயும் கூடப் போய்ச் சாப்பிடு," என்றாள் உங்கள் தங்கை. உங்களுக்கும் அழைப்பு உண்டு என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நீதிபதியின் முதல் சோதனை காலை எட்டரைக்கு. இயந்திரம் வாரிவிட்ட கோடு கலையாத பனி, மலைமேல் ஏற்றும் நாற்காலி லிஃப்டின் முதல் நடையில் நான் ஒருவன்தான். சாய்த்தேன். பலகை தானாக ஒரு பெரிய வளைவு போட்டது, என் முழங்கை பனியை உரசிக்கொண்டு வந்தது. மைத்துனரே, முப்பத்தொரு வருடம் நாற்பத்துநான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரே சாலையில் பஸ் ஓட்டினேன். யாரும் மணி அடிக்காத, யாருக்காகவும் நிறுத்தவேண்டாத ஒரு வளைவு எனக்கு என்ன என்று உங்களிடம் எப்படிச் சொல்ல? கண் கலங்கிவிட்டது. பத்துக்குப் பத்து போட்டேன். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் உங்கள் அட்டவணையில் பதினொரு மணி என்று ஒரு கட்டம் இருந்ததே. பதினொரு மணிக்குச் சரிவு முழுக்கச் சுற்றுலா வந்த ஹாலந்துக்காரர்கள். நீதிபதி திரும்ப ஒரு கால்பந்து மைதானம் வேண்டும். அங்கே ஒரு சாப்பாட்டு மேசைக்குக்கூட இடமில்லை. அவர்களைத் தவிர்க்க நேராகப் போனேன், சரிவோரத் தடுப்பு வலையைத் தாண்டினேன், பக்கத்துப் பண்ணை ஸென்ஸியின் முற்றத்தில் இறங்கினேன். அவள் துணி காயப்போட்டிருந்தாள். குளிரில் உறைந்த படுக்கை விரிப்பு எப்படி இருக்கும் தெரியுமல்லவா, கதவு மாதிரி. நான் தட்டாமல் உள்ளே போய்விட்டேன்.

"காபி போடவா வெண்டல், இல்ல நிக்காமப் போற வண்டியா?" என்றாள் ஸென்ஸி. விரிப்பு நடுவில் இரண்டாகியிருந்தது. நொட்புர்கா அதைத் தைத்து, தேய்த்து, ஒரு டஜன் முட்டையோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பசுவைப் பனிக்கட்டியில் சோதித்ததை லிஃப்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அகலப் பலகை விளிம்பு மாறுவதற்குள் எனக்கு அவகாசம் முடிந்துவிட்டது. உச்சியிலிருந்து அடிவாரம் வரை வயிற்றால் வந்தேன். சரியாக லிஃப்டுக்கு அடியில். மேலே நாற்காலியில் என் நண்பன் கிலியன், ஒருகாலத்தில் பனியை வாரும் இயந்திரம் ஓட்டியவன். "அட, நான் அந்தக் காலத்துல இவ்ளோ மழமழன்னு வாரினதே இல்லடா!" என்று கத்தினான். நாற்காலிக்கு நாற்காலி கைதட்டல். தேனீயைக் கூழ்ப்பனியில் சோதித்த அன்றும் அவனே வந்தான். குட்டைப் பலகையின் மூக்கு பனிக்குள் புகுந்து நின்றது, நான் நிற்கவில்லை. தலைகீழாக இடுப்புவரை நட்டுக்கொண்டேன். அவன் உடனே இழுக்கவில்லை. கொஞ்சநேரம் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இங்க வேர் புடிக்காதுடா, நெழல் ஜாஸ்தி," என்றான்.

ஒன்பது சோதனையும் முடித்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து கூட்டினேன். நீதிபதி பதினேழு. தேனீ பதினேழு. பசு பதினேழு. மூன்றுமுறை கூட்டினேன். அறிவியல் எவ்வளவு நேர்மையானது என்று அன்றுதான் புரிந்தது. உங்கள் பதினோராம் பக்கத்தைத் திருப்பினேன். "சமநிலை ஏற்பட்டால் ஓட்டுபவர் தன் உணர்வை நம்பலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அதை முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தால் ஸென்ஸியின் விரிப்பு பிழைத்திருக்கும், ஆனாலும் நன்றி.

ஆக, உணர்வை நம்பினேன். எனக்கு அறுபத்தாறு. வருடா வருடம் குளிர்காலம் சுருங்குகிறது. பத்து மணிக்கே பனி கூழாகிவிடுகிறது. இனி வரப்போகும் பனியும் இளகியது, ஓட்டப்போகும் ஆளும் இளகியவன். பசுதான் என்று முடிவு செய்தேன். நேற்று, ஜோசப் திருநாள் காலையில், மற்ற இரண்டின் பூட்டுகளையும் நானே கழற்றி டப்பாவில் போட்டேன். நீதிபதிக்குக் கடைசியாக ஒருமுறை மெழுகு தேய்த்தேன். வேலியில் நிற்பதற்கு மெழுகு எதற்கு என்று கேட்காதீர்கள். நொட்புர்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் கிலியன் வீட்டுக்குப் போய்விட்டேன், துளைபோடும் சத்தத்தைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அவன் பழச்சாராயம் ஊற்றிவைத்து, அன்று முழுக்க ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் மைத்துனரே, இன்று காலை எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. எதை எடுப்பது என்ற குழப்பம் இல்லை. வேலி அடைபட்டுவிட்டது, நரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போயிற்று, கோழிகள் முட்டையிடுகின்றன. ஒரு மனிதனுக்கு ஒரு பலகை போதும். மற்ற இரண்டையும் நான் மறந்தே விட்டேன். வேலிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சமையலறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே காபி குடித்தேன். இந்த நிம்மதி முழுக்க உங்கள் பதினொரு பக்கம் கொடுத்தது. அதை ஆயுசுக்கும் பத்திரமாக வைத்திருப்பேன்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உங்கள் மூட்டுகள் சொன்னபடி கேட்கட்டும், ஈஸ்டருக்கு நீங்கள் வரும்போது சாலையில் பனிச்சரிவு இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பன்றி வறுவல் இந்தமுறை வேகும்.

என்றும் நன்றி மறவாத,
வெண்டலின்

பி.கு. மார்ச் 21. ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இன்று காலை மைனஸ் ஒன்பது. எப்படித் தெரியும் என்றால், வேலிக் கம்பத்தில் புது வெப்பமானி ஒன்று தொங்குகிறது. நான் நீதிபதிக்கு ஒரு காலை வணக்கம் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. கிட்டே போய்ப் பார்த்தால், பலகையில் ஒரு புதுத் துளைகூட இல்லை. பூட்டு மாட்டும் பழைய துளைகளிலேயே திருகியிருக்கிறாள். அதுவும் கையாலேயே கழற்றுகிற, காது வைத்த திருகு. பலகைக்கு நாலு. விளிம்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறாள். அந்தத் திருகின் அளவு தெரியவேண்டுமென்றால் அவள் என் பலகையை மடியில் வைத்து அளந்து, பக்கத்து ஊர்க் கடைவரை போய்வந்திருக்க வேண்டும். நான் அங்கேயே பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

சமையலறை ஜன்னல் திறந்தது. "ஒக்காந்து பனியைச் சூடாக்கினது போதும். போறதுன்னா இப்பவே போ. பத்து மணிக்கு மேல கூழாயிடும்."

"வீட்டுக்கு ஒண்ணுதான்னு நீதானே சொன்ன, புர்கி?"

"ஒண்ணுன்னுதான் சொன்னேன். எதுன்னு சொன்னனா? இதைக் கழட்டினா பசுவைக் கொண்டுவந்து அந்த எடத்துல நிறுத்திட்டுப் போ, கோழி வெளிய வந்துடும். இனிமே எதை எடுக்கணும்னு நீ யோசிக்கவே வேணாம். தெனம் அஞ்சரைக்குக் கோழிக்குத் தீனி போட அந்தப் பனியிலதான் நடந்து வரேன். காலுக்கடியில கீச்சுன்னா நெட்டை, வழுக்கினா குட்டை, புதைஞ்சா பசு. இதுக்குப் போய்ப் பதினொரு பக்கமா? போன வருசம் மட்டும் என்னைக் கேட்டிருந்தன்னா..." ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

போனேன். பசுவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, டப்பாவிலிருந்த பூட்டை நீதிபதிக்கு மாட்டிக்கொண்டுதான் போனேன், முழங்கை பனியை உரச ஏழு முறை இறங்கினேன். ஒன்பதரைக்கு ஓர் எலும்பும் குறையாமல் திரும்பிவந்து நீதிபதியை வேலியில் ஏற்றினேன். ஸென்ஸி அதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்: வேலியில் நெட்டை இல்லையென்றால் பாதை உறைந்திருக்கிறது என்று அர்த்தமாம், முள் வைத்த காலணி போட்டுக்கொண்டு மாதாகோவிலுக்குப் போகிறாள்.

ஆகவே மேலே எழுதியதில் ஒரு பலகை போதும் என்பதையும், மறந்துவிட்டேன் என்பதையும், அறிவியல் பற்றிச் சொன்னதையும் தயவுசெய்து அடித்துவிட்டு வாசிக்கவும். நன்றியை மட்டும் அடிக்கவேண்டாம். அதில் பாதியை இப்படியொரு தங்கை உங்களுக்கு இருந்ததற்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதினொரு பக்கமும் சொன்னபடி பத்திரமாக இருக்கிறது. கோழிகள் அதன்மேல்தான் அடைகாக்கின்றன.