ஆடித்தபசு அன்று நான் வெட்டிய ஒயர்

பம்புசெட் பார்த்து வளர்ந்தவன் கையில் பிராட்பேண்டைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள்.

நான் இளையரசனேந்தல் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மோட்டார் போட்டால் ஓஸ் எங்கேயும் சுருண்டு கிடக்கக் கூடாது, கிடந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டாது என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். இன்டர்நெட் என்பது தண்ணீர் இல்லை.

மனைவி செல்வியோடும் ஒரு வயது மகளோடும் சங்கரன்கோவில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நெட் மட்டும் உயிரை வாங்கியது. ஹாலில் உட்கார்ந்து நான் சொல்கிற 'குட் மார்னிங்' அங்கே மத்தியானம்தான் போய்ச் சேரும். பொறுத்துப் பார்த்த மேனேஜர் ஒருநாள், "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வீடியோ கால்ல வாங்க. அரை மணி நேரம் கட் ஆகாம இருந்தா வீட்லயே வேலை பாருங்க. இல்லன்னா சென்னைக்குக் கிளம்பி வந்துருங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆடித்தபசு, கோமதியம்மன் தவமிருக்கும் திருவிழா. சுத்துப்பட்டி சனம் மொத்தமும் ஊருக்குள் இறங்கியிருந்தது.

காலையில் மோடத்தை முறைத்துக்கொண்டு நின்றேன். அது படுக்கையறையில், இரும்புப் பீரோவுக்குப் பின்னால் இருந்தது (பிள்ளை கைக்கு எட்டக் கூடாதென்று நான்தான் வைத்தேன்). பக்கத்து ஆணியில், நெட் இணைப்புக் கொடுத்த லைன்மேன் அண்ணாச்சி மிச்ச ஒயரைப் பத்துப் பன்னிரண்டு சுற்றாகச் சுருட்டி மாட்டியிருந்தார். எனக்குள் இருந்த சம்சாரி விழித்துக்கொண்டான். இத்தனை சுருள் இருந்தால் வேகம் எப்படி வரும்?

"என்னங்க, அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள் செல்வி, இடுப்பில் பிள்ளையோடு.

"ஏட்டி, இதுல கேக்க என்ன இருக்கு? நான் எத்தன ஒயர் ஒட்டுப் போட்டிருக்கேன்!"

வெட்டினேன். சுருளைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் பல்லால் கடித்து உரித்தேன். உள்ளே செம்புக் கம்பி இல்லை. தலைமுடி மாதிரி ஏதோ இருந்தது. (சரி, புது மாடல் போல.) அதைப் பிடித்து முறுக்கினேன். ஒடிந்தது. மறுபடி உரித்து, பக்கம் பக்கமாக வைத்து, இன்சுலேஷன் டேப்பை ஏழு சுற்று சுற்றினேன். மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

போனில் கெஞ்சிக் கூப்பிட்டும், அண்ணாச்சி கூட்டத்துக்குள் புகுந்து வந்து சேர மத்தியானம் ஒன்றரை மணி ஆகிவிட்டது. டேப் உருண்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னவே இது?"

"சுருள்ல வேகம் கொறையுதுன்னு..."

"இது கண்ணாடி இழைவே! உள்ள வெளிச்சம்லா போவுது. ஓஸுன்னு நெனச்சீராக்கும்?" தலையில் அடித்துக்கொண்டார். "சுருள் பாட்டுக்குச் செவனேன்னு கெடந்துச்சு. மோடத்தக் கொண்டுபோயி பீரோவுக்குப் பின்னால வச்சா வைஃபை எப்படிவே வெளிய வரும்? ஹாலுக்கு மாத்தியிருந்தா சோலி முடிஞ்சுது."

"இப்ப ஒட்டித் தந்துருங்க அண்ணாச்சி."

"ஒட்டுத மெஷினு தென்காசியில கெடக்கு. இந்தக் கூட்டத்துல எங்கன கொண்டு வர? நாளைக்குத்தான்."

மூன்று மணிக்கு செல்போனும் கையுமாக மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றேன். ஊருக்குள் வந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டவர் என்ன செய்யும், பாவம். மேனேஜர் முகம் ஒரே ஒரு தடவை தெரிந்தது. "சார், நெட் இப்ப ரொம்ப ஸ்டெடியா..." என்று ஆரம்பித்தேன். அந்த 'ஸ்டெடியா'வில் வாய் பிளந்தபடி உறைந்துபோனேனாம் (ஆபீசில் அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்).

கோவிலுக்குப் பக்கத்தில் கோமதியம்மன் தவமிருந்தாள், தொட்டி மேல் நான். சாயங்காலம் அம்மனுக்குச் சாமியின் காட்சி கிடைத்தது. எனக்குக் கிடைத்தது சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்தான். மேனேஜரின் மெசேஜ் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது: "உங்க நெட் எப்படின்னு பாக்கத்தான் கால் போட்டேன். பதில் கிடைச்சிருச்சு. திங்கட்கிழமை வாங்க."

இறங்கி வந்து சொன்னேன். செல்வி பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அண்ணாச்சி ஒட்டுப் போட்டு, மோடத்தை ஹாலுக்கு மாற்றினார். நெட் பறந்தது. அதற்கு மறுநாள் நான் மட்டும் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. லீவில் ஊருக்குப் போனால், தட்டில் முறுக்கு வைக்கும்போதே என் மாமியார், "மருமகன்ட்ட பாத்துக் குடுங்க, சுருளக் கண்டா வெட்டிருவாரு" என்கிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு முறுக்கு.

போன வாரம் வீடியோ காலில் மகள் எங்கிருந்தோ ஒரு இன்சுலேஷன் டேப்பைத் தேடியெடுத்து என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

"அப்பா, இத வச்சு ஒட்டிட்டு வீட்டுக்கு வாங்கப்பா."

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரே ஒரு நொடி படம் உறைந்து நின்றால் போதும் என்றிருந்தது. பாழாய்ப்போன நெட், கடைசி வரை நிற்கவே இல்லை.