பாடு பானையோடு ஓடிய ஏழுவழியார்

மீனுக்கு நீந்தத் தெரியும், மனுஷனுக்கு நடக்கத் தெரியும், எங்கள் ஏழுவழியாருக்கு ஓட மட்டும்தான் தெரியும். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். குறைத்துத்தான் சொல்கிறேன்.

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தத் துரைகளுக்குத் தபால் பை சுமந்தவர் அவர். சலங்கை கட்டின கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேற்கே மலைக்குள் ஓடுவார், அங்கிருந்து மறு கடுதாசி வாங்கிக்கொண்டு ஓடி வருவார். வேலை இல்லாத நாளிலும் ஓட்டம்தான். சாவுக்கு வந்தால் பாடைக்கு முன்னாலேயே சுடுகாட்டுக்குப் போய் நின்று, "இன்னாபா இவ்ளோ நேரம்?" என்று தூக்கி வருகிறவர்களைக் கேட்பார். அவர் கல்யாணத்தில் மேளக்காரர் பெண் வீட்டு வாசலை மிதிப்பதற்குள் மாப்பிள்ளை ஊரை மூன்று சுற்று சுற்றிவிட்டு, நாலாவது சுற்றில் மாமனாரை இடித்துத் தள்ளிவிட்டாராம். அவர் உட்கார்ந்து சோறு தின்று பார்த்தவர் எங்கள் ஏரிக்கரை ஊரான தோணிரேவில் ஒருத்தர்கூட இல்லை.

மலைக்குள் ஒரு பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, மிச்சமெல்லாம் காடு. அதைத் தாண்ட அவரிடம் ஏழு வழி இருந்தது. அதனால்தான் அந்தப் பேர். தேன்கூடு நிறைய இருப்பதால் தேன் வழி. இடைச்சி ஒருத்தி மோர் ஊற்றுவதால் மோர் வழி. கரடி வழிக்கு விளக்கம் வேண்டாம். ஏறி முடித்தோம் என்று மூச்சு விடும்போது இன்னொரு ஏற்றம் வந்து நிற்பது மாமியார் வழி. "மீதி மூணும்?" என்று கேட்டால், "பொம்பளைங்க இருக்காங்க, அப்புறம் சொல்றேன்" என்பார். எந்த நாளில் எந்த வழி என்பதைக் காலையில் காற்றை மோந்து பார்த்துத்தான் முடிவு செய்வார். தூரம் கேட்டால், "ரெண்டு வெத்தலை மெல்லு, வந்துடும்" என்பார்.

கரையில் பிறந்தவர் ஆனதால் மலையும் அவருக்குக் கடல்தான். மேடு வந்தால் அலை. கடலில் வலை போடுகிற இடத்தை நாங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? கரையில் இருக்கிற கோபுரமும் பனையும் ஒன்றின் பின்னால் ஒன்றாக நேர்கோட்டில் வருகிற இடம் பார்ப்போம். காட்டிலும் அவர் அப்படித்தான் ரெண்டு குறி வைத்துக்கொண்டு ஓடுவார். அந்தப் பழக்கம் என் குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மூத்த பெண்ணுக்கு மொட்டை போடுவதாக அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் முருகனுக்கு வேண்டுதல். நான், பெண்டாட்டி, மச்சான், பிள்ளை எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். அப்பன் முருகன் புண்ணியத்தில் குறையில்லாமல் முடிந்தது. மறுநாள் விடிந்ததும் ஆற்றில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறேன், கல்கல் என்று சலங்கைச் சத்தம். கோட்டைக்குத் திரும்புகிற தபால் பையோடு ஏழுவழியார் வந்து, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சொன்னார்.

"இன்னாபா, நீ இங்க மொட்ட போட்டுக்கினு கீற? ஊர்ல நாளைக்கு உச்சிக்குப் பாடு குலுக்கறாங்க!"

எனக்குக் கை கால் ஓடவில்லை. பாடு என்றால் ஏரியில் எந்த வலைக்கு எந்த இடம், எந்த முறை என்று வருஷத்துக்கு ஒரு தரம் பானையில் ஓலைச் சீட்டுப் போட்டு எடுப்பது. அவனவன் கைதான் பானைக்குள் போகவேண்டும், பதில் ஆள் செல்லாது. ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் மூன்று தரம் பேர் சொல்லுவார். ஆள் வராவிட்டால் அந்த வருஷம் அவனுக்கு ஏரியில் இடமில்லை. அடுத்தவன் வலையில் கூலிக்கு நிற்கவேண்டியதுதான்.

"பத்து நாள் இருக்குதுன்னு சொன்னாங்களேண்ணே?"

"இறால் சீக்கிரம் வந்துடுச்சி. நான் கெளம்பறப்பவே ஊர்ல சொல்லிட்டாங்க. உன் மொட்டைக்காவ அது காத்துக்கினு இருக்குமா?"

என் பெண்டாட்டி எனக்கு யோசிக்கவே நேரம் கொடுக்கவில்லை. "யோவ், அண்ணன் கூட ஓடுய்யா. நாங்க மெள்ள வண்டில வர்றோம்."

"நானா? ஓடறதா?"

"நேத்திக்குக் கோயில்ல பொங்கலுக்கு ஓடினியே, அப்படி ஓடு."

ஓடினேன். குறுக்கு வழி எது என்று கேட்டேன்.

"மாமியார் வழிதான். ஆனா எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்த இல்ல. போன மாசம் வழுக்கி உட்டுடுச்சி. கரடி வழில போலாம்."

முதல் மேட்டிலேயே என் நெஞ்சு வாய்க்கு வந்தது. "நேரா ஏறாத! அலைய நேரா மோதுனா கட்டுமரம் கவுந்துடும். சாச்சிப் போ" என்று கத்தினார். சாய்த்துப் போனேன். அதிசயமாக ஏறிவிட்டேன். கரடி வரவில்லை. வந்திருந்தாலும் நான் விட்ட மூச்சைக் கேட்டுப் பெரிய கரடி என்று பயந்து போயிருக்கும்.

மேட்டின் உச்சியில் ஏழுவழியார் நின்றார். நிஜமாகவே, கால் ஆடாமல் நின்றார்.

"பொளந்த பாறை கீது. அதுக்குப் பின்னால வெள்ளையாப் பூத்த மரம் ஒண்ணு இருக்கணும். ரெண்டும் நேரா வந்தா எறங்கணும். மரத்தக் காணோம்பா."

தேடினோம். இறங்கினோம், ஏறினோம், அதே ஓடையை மூன்று தரம் தாண்டினோம். மூன்றாவது தரம் அந்த ஓடைத் தவளைகூட எங்களைத் தெரிந்தவர்களைப் போலப் பார்த்தது. "மரம் நவுந்துடுச்சி" என்றார் ஏழுவழியார் தீர்மானமாக. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து, முருகா, உனக்கு என் பெண்ணின் முடியைக் கொடுத்தேன், எனக்கு ஒரு வழி கொடு என்று கண்ணை மூடினேன். திறந்தபோது எதிரே ஒரு பச்சை மரத்தில் ரெண்டு கொக்கு வந்து உட்கார்ந்தன.

"அண்ணே, நீங்க குறி வச்சது எந்நேரம்?"

"சாயங்காலம். ஏன்?"

"அந்த வெள்ளப் பூவு பறக்குமாண்ணே?"

மரத்தை உற்றுப் பார்த்தார். "அடத் தூ! கொக்கப் போயி குறி வச்சிட்டேனே! பகல்ல எல்லாம் மீன் தின்னப் போயிருக்கும், எது அந்த மரம்னு யாருக்குத் தெரியும்!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அழவேண்டிய நானும் சிரித்தேன். அப்புறம் கேட்டேன், "கீழ ஓடுற ஆறு எங்கண்ணே போவுது?"

"நம்ம ஏரிக்குத்தான்."

"அது கூடவே ஓடினா?"

ஏழுவழியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நூறு தபா வந்திருக்கேன், தோணவே இல்லையேபா! வா, எட்டாவது வழி!"

ஆறு நல்ல ஆறுதான். ஆனால் அதற்கு அவசரமில்லை. ஒவ்வொரு தோப்பையும் விசாரித்துக்கொண்டு வளைந்து வளைந்து போயிற்று. பொழுது சாய்ந்ததும் ஒரு சத்திரத்தில் நான் மூட்டை மாதிரி விழுந்தேன். விடியுமுன் எழுந்து மறுபடி ஓட்டம். ஏரிக் காற்று மூக்கில் ஏறியபோது சூரியன் உச்சியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, ஊரும் கொஞ்சம்தான் பாக்கி. ஆனால் என் கால் ரெண்டும் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டன. மணலில் மண்டி போட்டேன்.

"நீங்க போங்கண்ணே. கோட்டைல பையைக் குடுக்கணும் நீங்க."

"நீ தவழ்ந்தாவது வா" என்று சொல்லிவிட்டுச் சலங்கை பறந்தது.

அதன் பிறகு அங்கே நடந்ததை ஊரே சொல்லக் கேட்டேன். பெரியதனக்காரர் என் பேரை ஒரு தரம் சொல்லியிருக்கிறார். ரெண்டாம் தரமும் சொல்லியிருக்கிறார். மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறக்கும்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த ஏழுவழியார், பாடு பானையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடிவிட்டார். பானை எதிரில் இல்லாமல் பேர் சொல்லக் கூடாது, அது வழக்கம்!

நான் ஊர் எல்லையில் தள்ளாடி வந்து நின்றபோது, தோணிரேவே ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் பானையும் சலங்கையுமாக ஏழுவழியார். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டின நாற்பது ஆம்பளைகள். அவர்களுக்குப் பின்னால் நாய்கள், அதற்கும் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெரியதனக்காரர்.

"புடிங்கடா அந்தக் கய்தய!"

"நான் இன்னா திருடிக்கினா போறேன்? சீட்டுக்குக் காத்து காட்றேன் நைனா!"

கடலில் சுறாவைப் பிடித்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். அவரை மட்டும் ஒருத்தராலும் பிடிக்க முடியவில்லை. அம்மன் கோவிலைச் சுற்றி ஏழாவதோ எட்டாவதோ சுற்று வரும்போது என்னைப் பார்த்துவிட்டார். நேரே வந்து பானையை என் முன்னால் தரையில் வைத்தார். ஒரு சீட்டும் சிந்தவில்லை.

பெரியதனக்காரர் வந்து சேர்ந்தார். மூச்சு திரும்பும் வரைக்கும் அவரால் திட்ட முடியவில்லை. திரும்பியபோது என் முட்டியில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்கும் அடக்க முடியவில்லை. என் பேரை மூன்றாம் தரம் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அம்மனை நினைத்துக் கையை விட்டேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பு அணையாத அளவுக்கு நல்ல இடம் கிடைத்தது.

சீட்டைப் பிரித்து அவருக்குக் காட்டலாம் என்று திரும்பினேன். ஆளைக் காணோம். கோட்டைப் பக்கம் சலங்கைச் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது.

முதல் வலையில் பட்ட இறாலை என் பெண்டாட்டி வறுத்து இலையில் கட்டி வைத்திருந்தாள். அவர்தான் நிற்க மாட்டாரே, இவள் பொட்டலத்தோடு பக்கத்திலேயே ஓடி, ஊர் எல்லைக்குள் ஊட்டி முடித்துவிட்டுத் திரும்பினாள். அவருடைய அசல் பேரைக் கேட்டுக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருந்தேன். வாய் நிறைய இறாலோடு என்னமோ சொன்னாராம், இவளுக்கு மூச்சு வாங்கினதில் ஒன்றும் விளங்கவில்லை.

அதனால் இன்றைக்கும் சாமி எதிரில் நின்று என் பிள்ளைகளைப் பேர் பேராகச் சொல்லி முடித்ததும், அவருடைய வலது காலைத் தனியாகவும் இடது காலைத் தனியாகவும் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் விபூதி இட்டுக்கொள்கிறேன்.