குள்ளமாகிக்கொண்டிருந்த புரோகிராமர்

5.7.1999, திங்கள். இன்றைய தவறு: ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள் செய்துவிட்டேன். தலையணையையும் எடுத்தேன், காபியையும் நிறுத்தினேன். கழுத்துவலி கூடிவிட்டது. எதனால் கூடியது என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது.

எழுதி முடித்து நோட்டை மூடக் குனிந்த சூரியபிரகாஷ், "ஸ்ஸ்" என்று மறுபடி நிமிர்ந்தான்.

புரோகிராமில் தப்பு வந்தால் ஒரு சமயத்தில் ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கம்பம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டரின் மாலை வகுப்பில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதே முறையைத்தான் கழுத்துக்கும் கையாண்டான். கழுத்துக்கு அந்த முறை தெரிந்திருக்கவில்லை.

வலி வந்த நேரமும் சரியில்லை. சின்னமனூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வகுப்பு அட்டவணை போட்டுத்தரும் புரோகிராமை அவன் எழுதிக்கொண்டிருந்தான். பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் சென்டர் முதலாளி சுந்தர்ராஜ் அவனை வேலைக்கு வைத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால், சுருளிப்பட்டியில் அப்பா சின்னச்சாமியின் திராட்சைப் பந்தல் காத்திருந்தது.

"பந்தலுக்கடில நாளெல்லாம் அண்ணாந்து பாக்க முடியாது, கழுத்து போயிரும்னுதான கம்ப்யூட்டருக்குப் போன?" என்றார் சின்னச்சாமி. "இப்ப அங்கனயும் கழுத்து போயிருச்சா? இங்கன அண்ணாந்தா பழமாச்சும் தெரியும்லே."

"பிள்ளைய வையாதிய. வலியோட நிக்கிறான்" என்றாள் அம்மா மொக்கம்மாள். அவள் காய்ச்சிக் கொண்டுவந்த தைலத்தின் வாடைக்குப் பக்கத்து வீட்டு ஆடு கத்தியது.

செவ்வாய்க்கிழமை சுந்தர்ராஜ் கூப்பிட்டார்.

"பிரகாசு, கிறீச் கிறீச்னு ஒரு சத்தம் வருதே. உன் கழுத்தா, நாற்காலியா?"

"நாற்காலி சார்."

தேனியில் மூடிப்போன ஒரு கம்பெனியின் ஏலத்தில் சுந்தர்ராஜ் போன மாதம் எடுத்து வந்த சுழல் நாற்காலி அது. பகலில் சென்டர் தட்டச்சுக் கூடம். அங்கே எல்லோருக்கும் முக்காலிதான். மாலையில் புரோகிராம் எழுதுகிறவனுக்கு மட்டும் அந்த நாற்காலி. அந்த மரியாதைக்காகவே சூரியபிரகாஷ் அதில் அசையாமல் உட்காருவான். அசைந்தால்தான் சத்தம் போட்டது.

மறுநாள் தையல் மெஷின் எண்ணெய் வாங்கி வந்து, குனிய முடியாததால் தரையில் மல்லாந்து படுத்து, நாற்காலியின் திருகாணி போன்ற அடித்தண்டு முழுக்க ஊற்றினான். சத்தம் அடியோடு நின்றது. "ஒரே ஒரு மாற்றம்" என்று நோட்டில் பெருமையாக எழுதினான்.

வியாழனும் வெள்ளியும் வலி இரண்டு மடங்கானது.

அதைவிடக் கலவரமான ஒன்றும் நடந்தது. கீபோர்டு போன வாரம் வயிற்றுக்கு நேராக இருந்தது. இப்போது நெஞ்சுக்கு வந்திருந்தது. மானிட்டரைப் பார்க்க, கோபுரத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்தாக வேண்டியிருந்தது. சூரியபிரகாஷ் ஸ்கேலை எடுத்து மேசையை அளந்தான். மானிட்டரை அளந்தான். இரண்டும் வளரவில்லை. அப்படியென்றால் மிச்சம் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, "அம்மா, தலைக்கு மேல ஒரு கோடு போடு" என்றான்.

"எதுக்குய்யா?"

"நான் குள்ளமாயிட்டு வரேன்."

மொக்கம்மாள் கோடு போட்டாள். ஐந்தடி ஐந்தங்குலம். போன வருஷம் இருந்த அதே உயரம். வீட்டில் சரியாக இருப்பவன் சென்டரில் மட்டும் எப்படிக் குறைகிறான்? உட்கார்ந்தால் முதுகெலும்பு அடங்கிவிடுகிறதோ? இப்படி ஒரு நோய் இருக்குமா என்று கேட்க வெட்கமாக இருந்தது. "தெரியவில்லை" என்று நோட்டில் எழுதி, அதை இரண்டு முறை அடிக்கோடிட்டான்.

திங்கட்கிழமை வீட்டிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைக் கொண்டுபோய் நாற்காலியில் கட்டினான். அன்று மாலை சொர்க்கம். கீபோர்டு பழையபடி வயிற்றுக்கு இறங்கியது, கழுத்து நேரானது, நாற்பது வரி ஓடியது.

செவ்வாய் மாலை மெத்தையோடு சேர்ந்தே குள்ளமானான்.

புதன் காலை டாக்டரிடம் போனான்.

"என்ன வேலை?"

"கம்ப்யூட்டர் சார்."

"அப்ப வரத்தான் செய்யும்" என்றவர், வேறெதுவும் கேட்காமல் கழுத்துப் பட்டை எழுதிக்கொடுத்தார்.

பட்டை அவன் மோவாயைத் தூக்கி நிறுத்தியது. பஸ்ஸில் கூரை தெரிந்தது, கண்டக்டரின் முகம் தெரியவில்லை. சென்டரில் மானிட்டர் தெரிந்தது, கீபோர்டு தெரியவில்லை. தடவித் தடவி அடித்து முடித்து ஓட்டிப் பார்த்தபோது, தமிழ் ஐயா ஒரே மணிநேரத்தில் மூன்று வகுப்பில் இருந்தார். விளையாட்டு வாத்தியாருக்கு வாரம் முழுக்க ஓய்வு.

சுந்தர்ராஜ் எட்டிப் பார்த்தார். "நாளான்னிக்கு அந்தம்மா வர்றாக. இதக் காட்டுனா பி.டி. வாத்தியார் மட்டுந்தேன் சந்தோசப்படுவாரு."

"நாளைக்குச் சரி பண்ணிருவேன் சார்."

"உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. மதுரைல ஒரு ஆள் இருக்கான். அவனுக்குக் கழுத்து நல்லாருக்கு."

அன்றிரவு வீட்டில் சாப்பிடும்போது விஷயம் வெளியே வந்தது. சின்னச்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"ஏலே, நம்ம பந்தல்ல கொடிக்குக் கவாத்து வெட்ட வர்ற மாயக்காளுக்குப் பத்து வருசக் கழுத்துவலி. இப்ப ஒரு மாசமா இல்லேங்குறா. என்ன வைத்தியம்னு யார் கேட்டாலும் சிரிக்கிறா, சொல்ல மாட்டேங்குறா. நீ கேட்டுப் பாரு. உங்க சென்டரக் கூட்டுறவதான?"

மாயக்காள் விடியற்காலையில் சென்டரைக் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகு பந்தல் வேலைக்கு வருகிறவள். மாலையில் போகிற சூரியபிரகாஷ் அவளைச் சென்டரில் பார்த்ததே இல்லை.

வியாழன் காலை பந்தலுக்குப் போனான். கொடிக்கு அடியில் ஆறேழு பேர் அண்ணாந்தபடி கத்தரியோடு நின்றார்கள். கழுத்துப் பட்டையோடு அவனும் அண்ணாந்தபடி நின்றான். சின்னச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியளா, பந்தலுக்குன்னே அளவெடுத்துத் தச்சாப்புல இருக்கு" என்று ஒரு கத்தரியை மகன் கையில் திணித்தார்.

கத்தரியோடு அவன் மாயக்காள் பக்கம் நகர்ந்தான்.

"அக்கா, நாளைக்குள்ள என் கழுத்து சரியாகலைன்னா, இந்தக் கத்தரிதான் எனக்கு வேலை. ஒங்களுக்கு எப்படிச் சரியாச்சுன்னு சொல்லுங்க."

"போ தம்பி, நீ சிரிப்ப."

"சிரிச்சாக் கழுத்து வலிக்கும். சிரிக்க மாட்டேன்."

"மொதலாளிகிட்டச் சொல்லிரக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"ஆத்தா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான்.

மாயக்காள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"காலைல கூட்டி முடிச்சதும் உங்க சென்டர்ல அந்தச் சுத்துற நாக்காலி இருக்குல்ல, அதுல ஒக்காந்து, தலையப் பின்னால சாச்சு, கண்ண மூடிக்கிட்டு இடப்பக்கமா ரெண்டே ரெண்டு சுத்து சுத்துவேன். சுத்தச் சுத்த மெல்லக் கீழ எறக்கி விடும் பாரு, அப்பிடியே கழுத்து விட்டுப்போகும். எந்த மகராசனோ போன வாரம் எண்ணெய் வேற போட்டு, இப்ப மெத்தையும் கட்டி விட்டிருக்கான். இப்பல்லாம் நெதம் பத்து சுத்துக்குக் கொறையிறதில்ல. அவன் நல்லாருக்கணும்."

15.7.1999, வியாழன். தவறு: மேசையை அளந்தேன், மானிட்டரை அளந்தேன், என்னை அளந்தேன், உட்கார்ந்திருந்த நாற்காலியை அளக்கவில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியமும் செய்துவிட்டேன். நாளை செய்ய வேண்டியது: காலை ஐந்தரைக்குச் சென்டருக்குப் போய், மாயக்காளை வலப்பக்கமாகச் சுற்றச் சொல்வது.